அழிக்கச் சொன்ன மின்னஞ்சல்

ஏரி அலுவலகத்தில் கொக்கு மேலாளர். ஆமை மதகுக் காவலர்.

"மதகை உடனே திற" என்று கொக்கு மின்னஞ்சல் அனுப்பியது. ஆமை திறந்தது. ஏரி வற்றியது, கொக்குக்கு நல்ல வேட்டை. தப்பிய மீன்கள் திரண்டு வந்து நியாயம் கேட்டன.

"ஆமைதான் தன்னிஷ்டத்துக்குத் திறந்துவிட்டது. நாளை விசாரித்து வேலையை விட்டே தூக்குகிறேன்" என்றது கொக்கு.

மீன்கள் போனதும் ஆமை கேட்டது: "ஐயா, உங்கள் மின்னஞ்சல் இருக்கிறதே?"

"அது என் சொந்த விஷயம். அழித்துவிடு!"

"அலுவலக வேலையாக வந்தது அலுவலகத்துக்குத்தானே சொந்தம்? அழிக்க வேண்டுமென்றால் எழுத்தில் உத்தரவு வேண்டும், ஐயா."

"இவ்வளவுதானே!" என்ற கொக்கு, அங்கேயே தட்டி அனுப்பியது: "மதகைத் திறக்கச் சொன்ன என் மின்னஞ்சலை அழி."

மறுநாள் விசாரணையில் ஆமை இரண்டையும் காட்டியது. முதலாவதைப் படித்த மீன்கள் கொதித்தன. இரண்டாவதைப் படித்துவிட்டு, கோபத்தையும் மறந்து விழுந்து விழுந்து சிரித்தன.

கொக்கு அன்றே வேறு ஏரி தேடிப் பறந்தது.