தலையாட்டியும் கத்திக்கப்பலும்

குழலி லீவுல உக்காந்து ரெண்டு சாமான் செஞ்சா. ஒண்ணு, பேப்பர் கூழுல செஞ்ச தலையாட்டி பொம்மை. கழுத்துக்குக் கம்பிச் சுருள். இன்னொண்ணு, காலண்டர் தாள்ல மடிச்ச கத்திக்கப்பல். ரெண்டையும் அலமாரி மேல பக்கத்துல பக்கத்துல வச்சா.

தண்ணியில மிதக்கணும்னு கப்பலுக்கு ஒரே ஏக்கம்.

"அண்ணே, இன்னிக்காவது மழை வருமாண்ணே?"

பொம்மைக்கு வாய் வரைய குழலி மறந்துட்டா. அதோட பேச்செல்லாம் கழுத்துலதான். ஃபேன் காத்துல தலை ஆடும். கப்பல் பூரிச்சுப் போகும்.

"அட மக்கு! அவன் ஃபேனுக்கு ஆட்டுறான், உனக்கில்ல!"ன்னு அதே அலமாரியில இருந்த கோந்து பாட்டில் சிரிக்கும்.

பொம்மைக்கோ, மழையே வரக்கூடாது. கப்பல் போயிட்டா அப்புறம் அண்ணேன்னு கூப்பிட யாரு இருக்கா? ஆனா அந்தப் பாழாப்போன தலை ஆமான்னுதான் ஆடும்.

ஒரு சாயங்காலம் மழை பிச்சுக்கிட்டு ஊத்துச்சு. கரண்டு போச்சு. குழலி ஓடியாந்து கப்பலைத் தூக்கினா.

"அண்ணே, நீ சொன்ன மாதிரியே வந்துடுச்சு! நான் திரும்பி வந்துடுவேன்ல?"

பொம்மை உசிரையெல்லாம் கழுத்துக்குக் கொண்டாந்து பாத்துச்சு. ஃபேன் நின்னுபோச்சே, தலை அசையல.

"ஒரே ஒரு தடவை ஆட்டுண்ணே!" வாசல் வரைக்கும் கெஞ்சிக்கிட்டே போச்சு கப்பல்.

மழை விட்டுச்சு. கரண்டு வந்துச்சு. பொம்மை வாசலையே பாத்துக்கிட்டு ஆமா, ஆமா, ஆமான்னு தலைய ஆட்டுச்சு.

கோந்து பாட்டில்கூட சிரிக்கல.