கதகதப்பான கட்டு

கொட்டகையில் வைக்கோலை அடுக்கியபோது ஒரு கட்டு மட்டும் உள்ளே ஈரமாக இருந்தது. சொன்னால் வெளியே போட்டுவிடுவார்கள் என்று அது வாயைத் திறக்கவில்லை. அடுக்கின் நடுவில் போய்ச் சேர்ந்தது.

சில நாளில் அதன் உடம்பு சுட்டது. தன்மேல் படுத்திருந்த பெரிய கட்டின் காதில், “அண்ணே, ஈரத்தோட வந்துட்டேன். இப்போ உள்ளே கொதிக்குது. ஆளுங்க வந்தா சொல்லிடட்டுமா?” என்றது.

“கம்முனு இரு தம்பி. உன்னை உருவணும்னா எங்க எல்லாரையும் கலைப்பாங்க. இந்தக் குளிருக்கு உன் சூடு சுகமாத்தானே இருக்கு.”

உச்சியில் சுருண்டிருந்த பூனையும் சுகமாகத் தூங்கியது.

ஒரு காலையில் கட்டுகளின் இடுக்கிலிருந்து வெள்ளையாக ஏதோ மெல்ல எழுந்தது.

“உள்ளேயே பனி மூட்டம் போட்டிருக்கு பாரு,” என்று பெரிய கட்டு சொக்கிப்போனது.

பூனை கருகல் வாடையை முகர்ந்துவிட்டு, இறங்கி வெளியே நடந்தது.

“பாவம், இந்தக் குளிர்ல எங்கே போகுதோ,” என்றது பெரிய கட்டு.