வெண்டலின் சலூனில் பறக்கும் தட்டு

ஹூஸ்டனில் வெண்டல் முடிவெட்டும் சலூனில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. விண்வெளி நிலையத்தை விட்டு ஏதோ மின்னியபடி விலகிப்போகும் பழைய படத்தை மறுபடி காட்டினார்கள்.

“பறக்கும் தட்டு,” என்றான் நாற்காலியில் இருந்த புது ஆள். “என் பொண்ணு இதைச் சொல்லித்தான் ஸ்கூல்ல சண்டை போட்டுட்டு வந்திருக்கா. மொத்த கிளாஸும் அவளைப் பார்த்துச் சிரிக்குது.”

“சிரிக்காம? குப்பை சார் அது,” என்றான் வெண்டல். “வார் தொங்குது பாருங்க. கருவிப் பை. எவனோ தூங்குமூஞ்சி கொக்கியை மாட்டாம விட்டிருக்கான்.”

“தட்டுக்கு வார் இருக்கக்கூடாதா?”

“படிச்சவர் பேசற பேச்சா இது?”

“அந்த விண்வெளிக் கையுறையை மாட்டிப் பாருங்க. கொஞ்ச நேரத்துல விரல் மரத்துடும். கொக்கி மாட்டுச்சா இல்லையான்னே தெரியாது.”

வெண்டலின் கத்தரி நின்றது. தூங்குமூஞ்சி தன் நாற்காலியிலேயே உட்கார்ந்திருப்பது அப்போதுதான் உறைத்தது.

“அடுத்த தடவை பொண்ணையும் கூட்டிட்டு வாங்க,” என்றான். “தட்டுதான்னு நானும் சாட்சி சொல்றேன்.”