எங்கிருந்து எடுத்தது

ஆகஸ்ட் 14, வியாழன்.

“காகிதத்தையா வச்சே? ரெண்டு தடவை தரை துடைச்சா கூழாயிடும்” என்றார் ஃப்ரிட்ஜ் ரிப்பேர் சொல்லித் தரும் மாஸ்டர். வகுப்பில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

தவறு என்னுடையதுதான். ஃப்ரிட்ஜ் ஆடினால் காலுக்கு அடியில் ரப்பர் துண்டு வைக்க வேண்டும். பையில் ரப்பர் இல்லை. கையில் கிடைத்த ஒரு தாளை எட்டாக மடித்து வைத்துவிட்டு வந்தேன்.

செய்த வேலையை வரிசையாக எழுதி, ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே ‘எங்கிருந்து எடுத்தது’ என்ற கட்டத்தை நிரப்பாமல் யாரும் கிளம்பக் கூடாது. மாலை வகுப்பின் சட்டம் அது. எழுதுகிறேன்.

சர்வீஸ் கடை இன்று என்னை அனுப்பிய வாடிக்கையாளர் ஒரு தையல்காரர். தனியாக இருக்கிறார். புகார், ஃப்ரிட்ஜ் ஓடும்போது கடகடவென்று சத்தம்.

கதவைத் திறந்ததும் என்னை மேலும் கீழும் பார்த்தார். “மெக்கானிக்கை அனுப்பச் சொன்னா டியூஷன் போற பொண்ணை அனுப்பியிருக்காங்க.”

டியூஷனுக்கும் போகிறேன், அது சாயங்காலம் என்றேன். சிரித்துவிட்டார்.

சத்தம் எப்போதிலிருந்து என்பதுதான் கேட்க வேண்டிய முதல் கேள்வி. கேட்டேன்.

“எட்டு மாசம். பொண்ணு வீட்டை விட்டுப் போன அன்னையிலேருந்து.”

சரியாகக் காதில் விழுந்ததா என்று சந்தேகம். மறுபடி கேட்டேன். அதே பதில்.

பாட்டில்களை இறக்கி வைத்தேன். தட்டுகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தேன். சத்தம் நிற்கவில்லை. உள் விசிறியிலும் குறை இல்லை. நான் காரணங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு வர, அவர் பேசிக்கொண்டே இருந்தார். மகளுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்திருக்கிறது. போகக் கூடாது என்று இவர் கத்தியிருக்கிறார். விடிந்து பார்த்தால் ஆள் இல்லை.

மேசையில் அவருடைய போன் அடித்தது. எடுத்துப் பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைத்தார்.

“ஞாயித்துக்கிழமை மட்டும் கூப்பிட்டுட்டு இருந்தா. இப்போ வியாழக்கிழமையும் ஆரம்பிச்சிட்டா.”

“எடுத்துப் பேசலாமே சார்.”

அவர் போனை இன்னும் தள்ளி வைத்தார். “கத்தினது என் தப்புதாம்மா. அதை நினைக்காத நாள் இல்லை. ஆனா ஒத்தை ஆளா வளர்த்தவனுக்கு, போயிட்டு வரேன்பான்னு ஒரு வரி எழுதி வைக்கத் தோணலையே அவளுக்கு? அந்த ஒரு வரி இருந்திருந்தா அன்னிக்கே பஸ் ஏறியிருப்பேன்.”

அடுத்துப் பார்க்க வேண்டியது பின்பக்கம். ஃப்ரிட்ஜைச் சுவரிலிருந்து இழுத்தேன்.

பின்னால் விரல் மொத்தத்துக்குத் தூசி. மோட்டாரின் மேல், கத்தரிக்கோல் வடிவத்தில் ஒரு சின்னக் காந்தம் பாதி ஒட்டியும் பாதி ஒட்டாமலும் செம்புக் குழாயில் மோதிக்கொண்டிருந்தது. பிடுங்கினேன். வீடே அமைதியாகிவிட்டது.

அவர் காந்தத்தை வாங்கிச் சட்டையில் தேய்த்தார். “ஃப்ரிட்ஜ் பக்கவாட்டுல, பின் ஓரமா ஒட்டியிருந்தது. அவ வாங்கித் தந்தது. தேடாத இடமில்லை.” பிறகு அதை வெறும் கதவில் ஒட்டிவிட்டு, ஒட்டிய இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

திரும்பத் தள்ளி வைத்தபோது ஃப்ரிட்ஜ் ஆடியது. வலது முன்காலின் திருகு துருப்பிடித்துத் திரும்பவில்லை. அங்கேதான் அந்தத் தாள்.

சமையலறை கண்ணாடி மாதிரி இருக்கிறது என்றேன், கிளம்பும்போது.

“தினம் காலையில ஆறு மணிக்குத் தரையைத் தண்ணி விட்டுத் துடைச்சிட்டுத்தான் கடைக்குப் போவேன். ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடி மட்டும் விட்டுடுவேன். அதை இழுக்க என் இடுப்பு ஒத்துக்காது.”

இனி கட்டங்கள்.

பொருள் ஒன்று: காந்தம். எங்கிருந்து எடுத்தது: மோட்டார் மேலிருந்து. உரியவரிடம் கொடுத்தாயிற்று.

பொருள் இரண்டு: தாள். எங்கிருந்து எடுத்தது:

இங்கே பேனா நின்றுவிட்டது. காந்தம் இருந்த இடத்துக்கு நேர் கீழே, தூசிக்குள் கிடந்தது அது. ஏதோ பழைய நோட்டுத் தாள் என்று நினைத்தேன். படிக்கவில்லை. மடிக்கும்போது நீல மையில் முதல் வார்த்தை மட்டும் கண்ணில் பட்டது. ‘அப்பா’.

அவருடைய எண் சர்வீஸ் கடைச் சீட்டில் இருக்கிறது. கடை பூட்டியாயிற்று, அந்தப் பக்கம் போகும் கடைசி பஸ்ஸும் போயாயிற்று.

நாளை செய்ய வேண்டியது: ஆறு மணிக்கு முன்பே தையல்காரர் வீட்டுக்குப் போய், வலது முன்காலைத் தூக்கி, தாளை எடுத்துவிட்டு ரப்பர் வைக்க வேண்டும்.