வெயிலூர்க்காரி

"அவ்வளவு வெயிலை விட்டுட்டு மார்ச் மாசம் ஆராவது பியர்பொன்ட்ஸுக்கு வருவினமோ, நிரு?" என்று கேட்டான் நிருஷாவின் கணவன் ரதீசன். கெபெக்கின் அந்தப் புறநகரில் மார்ச்சிலும் பனி உருகியிருக்காது.

வீடு மாற்றும் யோசனை அவளுடையதுதான். பிள்ளைகளின் பள்ளி விடுமுறைக்கு இவர்கள் வேறொரு நாட்டு வீட்டில் போய்த் தங்குவது, அந்த வீட்டார் இங்கே வந்து தங்குவது. இணையத்தில் வீட்டுப் படங்களைப் போட்டதுமே, போர்த்துக்கலின் தெற்கே ஒரு கிராமத்திலிருந்து இடலினா என்ற பெண் எழுதிவிட்டாள்.

அன்றிலிருந்து அந்த ஊரின் படங்களைப் பார்ப்பதே நிருஷாவுக்கு வேலையாகிவிட்டது. வெள்ளைச் சுவர்களுக்கு நீலக் கரை. தேவாலய மணிக்கூண்டின் உச்சியில் நாரைக் கூடு. தெருவோரம் ஆரஞ்சு நிறத் தோடம்பழங்கள் பறிப்பாரில்லாமல் விழுந்து உருண்டு கிடந்தன. நடுத்தெருவில் ஒரு நாய் வெயில் காய்ந்துகொண்டே நித்திரை. அந்த நாய்மேல்கூட அவளுக்குப் பொறாமையாக இருந்தது.

ஆனால் ரதீசன் கேட்டதிலும் நியாயம் இருந்தது. நகரத்துக்குப் போக பஸ்ஸில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆகும் என்று நிருஷா ஒளிக்காமல் எழுதியிருந்தாள். பரவாயில்லை என்றாள் இடலினா. பக்கத்து ஊரான சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் ஆற்றங்கரையோடு இதைவிடப் பெரிய வீடு ஒன்று கிடைத்தும் வேண்டாம் என்றிருக்கிறாள். போனில் காரணம் கேட்டால், ஒருநாள் பனி பார்க்க ஆசை என்பாள். இன்னொருநாள் அமைதியான இடம் என்பாள்.

"போர்த்துக்கல்காரி எண்டு சொல்லுறா. பிரெஞ்சு கதைக்கிறது எங்கட கெபெக் ஆக்கள் மாதிரியெல்லோ கிடக்கு," என்றான் ரதீசன். "வடிவாக் கேளும். சொல்லாட்டி விட்டிடுவம். ஆரெண்டு தெரியாத ஆளிட்ட வீட்டுத் திறப்பைக் குடுக்கேலாது."

ஞாயிற்றுக்கிழமை வீடியோ அழைப்பில் இடலினா வந்தாள். ஐம்பது வயதிருக்கும். முகத்தில் வெயில் விழ, கண்ணைச் சுருக்கிக்கொண்டு சிரித்தாள். நிருஷா குசினியில் அடுப்பருகே நின்றபடி, மனம் நோகாத பிரெஞ்சில், ஆனால் நேராகவே கேட்டாள். உண்மையான காரணம் தெரியாமல் கணவர் சம்மதிக்கமாட்டார் என்றும் சொன்னாள்.

இடலினாவின் சிரிப்பு நின்றது. குசினி யன்னலால் பின்வளவைக் காட்ட முடியுமா என்று கேட்டாள்.

இதென்ன கேள்வி என்று யோசித்தாலும், நிருஷா போனை யன்னலோடு பிடித்தாள். முழங்கால் அளவு பனி. அதற்கு மேலே துருவேறிய இரும்புப் பந்தல். போன கோடையில் படரவிட்ட பாகல் கொடி அதில் காய்ந்து தொங்கியது.

இடலினா வாயைப் பொத்திக்கொண்டாள். கண்கள் நிறைந்துவிட்டன.

"அந்தப் பந்தலை அப்பா திராட்சைக்காகக் கட்டினார்," என்றாள். "இந்த வெயிலூர் அவர் பிறந்த ஊர். நான் பிறந்து வளர்ந்தது, இப்போது நீங்கள் நிற்கிற வீட்டில்."