அப்பாவைப் பற்றி ஒரு வீடியோ

ஆவுடையப்பனைக் குடிகாரன் என்று ஊர் உலகத்துக்கெல்லாம் காட்டியது வேறு யாருமில்லை. பெற்ற மகள் சுஜிதாதான்.

கொற்கைக்கு அந்தப் பக்கம், வயலை நம்பிப் பிழைக்கிற ஊர். ஓட்டுக் கேட்டு ஆளுங்கட்சி வேட்பாளரின் ஜீப் வந்தபோது ஆவுடையப்பன் முன்னால் போய் நின்றுகொண்டார்.

"குளத்தைத் தூர் வாருதோம்னு சொன்னீயளே. கரையை ஒடைச்சு லாரி லாரியா மண்ணை அள்ளுனதுதான் மிச்சம். கடைசி வயலுக்குச் சொட்டுத் தண்ணி வரல. அந்த லாரியெல்லாம் யாருது? இப்பச் சொல்லுங்க!"

வேட்பாளர் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போய்விட்டார். ஆனால் யாரோ போனில் எடுத்திருந்தார்கள். பொழுது சாய்வதற்குள் எதிர்க்கட்சிக்காரர்கள் அதற்கு மியூசிக் சேர்த்து, 'விவசாயி கேட்ட கேள்வி' என்று வாட்ஸ்அப்பில் விட்டார்கள். மாவட்டம் முழுக்க ஓடியது.

சுஜிதா வேலை பார்த்தது அதே வேட்பாளரின் ஐ.டி. பிரிவில். தூத்துக்குடியில் ஹாஸ்டலில் தங்கி, மீம் போடுவது, வீடியோ வெட்டி ஒட்டுவது.

மறுநாள் இன்னொரு வீடியோ வந்தது. கோயில் கொடை விழாவில் ஆவுடையப்பனுக்குச் சாமி வந்து ஆடியது. மேளச் சத்தத்தை எடுத்துவிட்டு, கோயிலையும் கூட்டத்தையும் வெட்டிவிட்டு, அவர் கண் சொருகித் தள்ளாடுவது மட்டும் இருந்தது. கீழே எழுத்து: 'இவர்தான் எதிர்க்கட்சியின் விவசாயி. காலையிலேயே ஃபுல் போதை!'

சாராய வாடையே ஆகாத மனுஷன்.

பிச்சம்மாள் மகளுக்குப் போன் போட்டாள்.

"ஏளா, அந்தக் கொடை வீடியோ ஒன் போன்ல மட்டுந்தான இருந்துச்சு?"

"ஆமாம்மா. நாந்தான் போட்டேன்."

"சாமியாடுன அப்பனையா குடிகாரன்னு போட்ட? நீ வெளங்குவியா?"

"அம்மா, போன்ல ஒண்ணும் பேச முடியாது. அந்த லாரி விஷயத்த அப்பா இனி யார்கிட்டயும் பேச வேண்டாம்னு சொல்லு."

"ஒங்க கட்சிக்கு வலிக்குதோ? இனி இந்த வாசப்படிய மிதிச்சிராத."

பிச்சம்மாள் போனை வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு ஆவுடையப்பனால் ஏரலுக்குப் போய் ஒரு மூட்டை உரம் வாங்கி வர முடியவில்லை. பஸ்ஸில் முகம் தெரியாத பையன்கள், "ஏலே, போதை வீடியோ தாத்தா வாரார்ல" என்று போனைத் தூக்கினார்கள். டீக்கடைக்குப் போவதை நிறுத்தினார். கோயிலுக்கும் போகவில்லை.

எதிர்க்கட்சிக்காரர்கள் தங்கள் வீடியோவை நீக்கிவிட்டார்கள். அதைச் சொல்லிவிட்டுப் போக அந்தக் கட்சியின் கிளைச் செயலாளர் வீட்டுக்கு வந்தான்.

"தப்பா நெனைக்காதீய அண்ணாச்சி. ஒங்கள வச்சு இனி ஒண்ணும் பண்ண முடியாது."

"நான் குடிக்க மாட்டேன்னு ஒனக்குத் தெரியுமால, தெரியாதால?"

"எனக்குத் தெரியும் அண்ணாச்சி. பாக்குதவனுக்குத் தெரியாதே."

அவர்கள் பக்கத்து ஊரில் சுடலைக்கண்ணனைப் பிடித்தார்கள். சின்ன வயசு. கையில் பிள்ளை. நன்றாகப் பேசினான். உடைந்த குளக்கரையில் நின்றுகொண்டு அதே மண்ணை, அதே லாரியைப் பற்றிக் கேட்டான். அந்த வீடியோ முந்தியதைவிட அதிகமாக ஓடியது.

வாக்குப்பதிவுக்குக் கொஞ்சநாள் இருக்கும்போது, காலையில் வயலுக்குப் போன சுடலைக்கண்ணனின் பைக்கை ஒரு மண் லாரி அடித்துப் போட்டுவிட்டது. விபத்து என்றார்கள். அன்றைக்கு இரண்டு கட்சியும் ஒரே மெழுகுவர்த்திப் படத்தைப் போட்டு ஆழ்ந்த இரங்கல் தெரிவித்தன.

ஆவுடையப்பன் சுடலைக்கண்ணன் வீட்டில் துட்டி விசாரித்துவிட்டு வந்தபோது வீட்டு வாசலில் சுஜிதா நின்றாள். கையில் துணிப் பை. ஹாஸ்டலைக் காலி செய்துவிட்டு வந்திருந்தாள். பிச்சம்மாள் கதவை மறித்து நின்றாள்.

"எதுக்குளா வந்த? அடுத்தாப்ல யாரைக் குடிகாரனாக்கணும்?"

ஆவுடையப்பன் மகளின் முகத்தைப் பார்த்தார். அந்த வீடியோ வந்த நாளிலிருந்து அவளிடம் அவர் பேசியதில்லை.

"என்னைய ஏம்மா அப்பிடிப் போட்ட?"

சுஜிதா துணிப் பையைக் கீழே வைத்தாள். 

"லாரிக்காரங்க ஆபீசுக்கு வந்திருந்தாவப்பா. அந்த ஆளு இன்னொருக்க வாயத் தொறக்க மாட்டான், வாக்குப்பதிவுக்குள்ள முடிச்சிருதோம்னு பேசிக்கிட்டாவ. நீங்கதான் என் அப்பான்னு அங்க யாருக்கும் தெரியாது. அவரத் தொட்டா தியாகி ஆயிருவாரு, குடிகாரன்னு போட்டா ஒரு பயலும் நம்ப மாட்டான், அத்தோட விட்ருங்கன்னு நாந்தான் சொன்னேன். எங்கையாலயே செஞ்சும் குடுத்தேன்."

பிச்சம்மாள் கதவிலிருந்து கையை எடுத்தாள். மகளைப் பிடித்து உள்ளே இழுத்துக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் அழுதார்கள்.

ஆவுடையப்பன் உள்ளே வரவில்லை. துட்டி வீட்டில் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு கிடந்த சுடலைக்கண்ணன் பொண்டாட்டியைப் பார்த்துவிட்டு வந்தவர்.

"அப்ப அந்தச் சுடலைக்கண்ணன் பேச்சு வந்தப்பவும் நீ அங்கனதான் இருந்த?"

"இருந்தேம்ப்பா."

"அவன எப்படிக் காப்பாத்தணும்னும் ஒனக்குத் தெரியும்."

சுஜிதா அம்மாவின் தோளிலிருந்து முகத்தை எடுக்காமலே சொன்னாள்.

"தெரியும்ப்பா. ஆனா அவரு எனக்கு யாரோதான?"