மேடை ஏறிய சாக்கு

இதனால் சகல மலைகளுக்கும் அறிவிப்பது யாதெனில், நமுனுகுல மலைச் சரிவில், தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவக் கொட்டகையில், தொழிலாளர் பங்கேற்பு இன்று விஞ்ஞான முறைப்படி அளக்கப்படுகிறது. அளப்பவர் கொழும்பிலிருந்து வந்திருக்கும் சஜீவன் சார். இங்கே சேறு படாத சப்பாத்து அவருடையது மட்டும்தான். தராசுக்குப் பக்கத்தில், இடுப்பு உயரத்தில், புதுப் பலகை மேடை மினுங்குகிறது. தரையிலிருந்து சாக்குத் தூக்கி முதுகு ஒடிந்தது போதும் என்று தோட்டத்துத் துரையோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டி அதைப் போடவைத்தவள் வடிவம்மா. இன்றைக்காவது தன் பெயரை யாராவது சொல்வார்களா என்று அவள் காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறாள். "இந்த மேடைத் திட்டத்துல பங்கெடுத்தவங்க கையத் தூக்குங்க!" என்கிறார் சார். மழை விட்ட வெயிலில் ஈரக் கைகள் பளபளவென்று எழுகின்றன. "பலகையும் வேணாம், ஒண்ணும் வேணாம்னு மூஞ்சியத் திருப்புனவ நீ. இப்ப ஒங்கை முந்துதாக்கும்!" என்று பக்கத்தில் நிற்கும் பூங்காவனத்தைச் சீண்டுகிறாள் வடிவம்மா. மடுவமே சிரிக்கிறது. நிறைந்த சாக்கை இரு கைகளாலும் அணைத்து, குனியாமலே மேடைமேல் ஏற்றிக்கொண்டிருக்கிறாள் வடிவம்மா. பச்சைக் கொழுந்தின் வாசம் குப்பென்று கிளம்புகிறது. அவள் முதுகு கொடிக்கம்பம்போல் நிமிர்ந்து நிற்கிறது. சார் எண்ணி முடித்து அறிவிக்கிறார்: "சாக்கோட நிக்கிற அந்த அம்மாவைத் தவிர, எல்லாரும் பங்கெடுத்திருக்காங்க."